ஒரே கப்பலில் வந்த ஆட்டமும் சட்டமும்

2022 டிசம்பர் இரண்டாவது வாரம். பெர்த்திலிருந்து என் பள்ளி நண்பன் வந்திருந்தான். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை, பத்து நாள் விடுப்பு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவில் சந்திக்கலாம் என்று அவன்தான் சொன்னான். ஞாயிறு சாயங்காலத்துத் தேக்கா எப்படியிருக்கும் என்பதே மறந்துபோகும் அளவுக்கு அவன் ஊரைவிட்டுப் போய் நாளாகிவிட்டது. சிராங்கூன் சாலையில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். லெம்பு சாலைத் திடலில் உட்கார இடமில்லை. ஒருவழியாக மார்க்கெட் உணவுக்கடைகளுக்குள் நுழைந்து, ஒரு மேசையைப் பிடித்து, இரண்டு தே ஹாலியா வாங்கி உட்கார்ந்தோம்.

பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தான். அட்டையில் ‘ப்ரவுட்’ என்று இருந்தது.

“படிச்சிருக்கியா?”

“யாரு இது?”

“டேய், நீ ரக்பி ஆடுனவன்தானே? கேரத் தாமஸ்டா. வேல்ஸ் கேப்டன். நம்ம வயசு.”

நாடாளுமன்றம் தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவை நீக்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நவம்பர் 29ஆம் தேதி வாக்கெடுப்பு நடந்தது. நான் ஏதோ சொல்லவேண்டுமே என்று, “இப்ப நிம்மதியா இருக்குமே உனக்கு” என்றேன். அவன் சிரித்தான்.

“இன்னும் நடைமுறைக்கு வரலைடா. இந்த தே குடிக்கிற நேரத்துல நான் இன்னும் குற்றவாளிதான்.”

அது சரிதான். நீக்கம் நடைமுறைக்கு வந்தது 2023 ஜனவரி 3ஆம் தேதி. அதற்குள் அவன் திரும்பிப் போயிருந்தான். புத்தகம் என்னிடம் இருந்தது. அதைப் படித்த நாட்களில் நான் தேடித் தெரிந்துகொண்டவற்றையும், தெரிந்தும் இத்தனை வருடம் சொல்லாமலிருந்த ஒன்றையும்தான் இங்கே எழுதுகிறேன்.

*

முதலில் ஆட்டத்தின் கதை. ரக்பியைப் பார்த்திராதவர்களுக்கு: முட்டை வடிவப் பந்து, அணிக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம், பின்னால்தான் வீசலாம். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் ‘ட்ரை’. தடுப்பவர்கள் இடுப்பையும் காலையும் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளுவார்கள். நம் கபடி தெரிந்தவர்களுக்கு அந்தக் கால்பிடி புரியும். முன்வரிசைக்காரர்கள் எட்டுப் பேர் தோளைக் கோர்த்துக்கொண்டு, எதிரணியின் எட்டுப் பேரோடு தலை கொடுத்து முட்டுவதற்குப் பெயர் ‘ஸ்க்ரம்’. ஆணுடலும் ஆணுடலும் இவ்வளவு நெருங்கிப் புரளும் ஆட்டம் வேறு அதிகமில்லை.

விக்டோரியா காலத்து ஆங்கிலப் பள்ளிகள் பையன்களை ‘ஆம்பளை’ ஆக்குவதற்கென்று வளர்த்த ஆட்டம் இது. பேரரசை ஆளப்போகிறவனுக்கு வலி தாங்கும் உடம்பும் தலைவன் சொல் கேட்கும் மனமும் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. 1871 ஜனவரியில் லண்டனில் ரக்பி கால்பந்துச் சங்கம் அமைந்தது. அதே 1871இல்தான் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்குத் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. மெக்காலேயின் ஆணையம் வரைந்து 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் நகல் அது. 377ஆம் பிரிவும் அந்த நகலிலேயே வந்துவிட்டது. ஆட்டத்துக்கு விதி எழுதிய வருடமும் எங்களுக்குச் சட்டம் எழுதிய வருடமும் ஒன்றாக அமைந்தது தற்செயல். ஆனால் இரண்டையும் கொண்டுவந்தவர்கள் ஒரே ஆட்கள்.

அவர்களுக்கு அந்த ஒரு பிரிவு போதவில்லை. 1885இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் லபூஷேர் என்ற உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஆண்கள் இருவர் பொது இடத்திலோ தனிமையிலோ ‘கடும் ஒழுக்கக்கேட்டில்’ ஈடுபட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. பத்து வருடம் கழித்து ஆஸ்கார் வைல்டைச் சிறைக்கு அனுப்பியது அந்தத் திருத்தம்தான். 1938இல் அது சிங்கப்பூர் வந்து சேர்ந்தபோது 377ஏ என்று எண் கொடுத்தார்கள். அதில் கவனிக்கவேண்டிய வார்த்தை ‘ஆண்’. பெண்ணைப் பற்றி அந்தப் பிரிவு ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்டம் பாடாங் திடலிலும் பள்ளிக்கூட மைதானங்களிலும் வேரூன்றியது. சிங்கப்பூர் ரக்பி சங்கம் 1948இல் அமைந்தது. தேக்காவுக்குப் பக்கத்திலேயே ஃபேரர் பார்க் திடல் இருக்கிறது. 1843 முதல் 1933 வரை அங்கே குதிரைப் பந்தயம் நடந்ததால்தான் பக்கத்துச் சாலைக்கு ரேஸ் கோர்ஸ் சாலை என்று பெயர். பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போனபின் அந்தத் திடல் பந்தாட்டக்காரர்களுக்குக் கிடைத்தது. நானும் என் நண்பனும் சனிக்கிழமைகளில் அங்கே புரண்டிருக்கிறோம்.

*

1987 முதல் 1990 வரை உயர்நிலைப் பள்ளியில் நாங்கள் ஆடினோம். அணியில் தமிழ்ப் பையன்கள் மூன்று பேர். “ரக்பியா? ஹாக்கி ஆடுனா என்னா?” என்று கேட்ட அப்பாக்கள்தான் மூவருக்கும். நான் முன்வரிசையில் ‘ப்ராப்’, அதாவது முட்டுக்கொடுப்பவன். அவன் ‘விங்’. ஓரத்தில் நின்று, பந்து வந்ததும் ஓடவேண்டியவன். எங்கள் பள்ளியில் அவனைவிட வேகமாக ஓடியவன் கிடையாது.

அவனைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. அவனுக்கே முழுதாகத் தெரிந்திருக்காது. ஆனாலும் உடைமாற்றும் அறையில் ஒரு மோப்பம் உண்டு. அவன் எல்லாரும் போனபிறகு குளிப்பான். பெண்கள் பள்ளியைப் பற்றிய பேச்சில் சேரமாட்டான். அது போதும். மலாய்ப் பையன்கள் ஒரு வார்த்தை, சீனப் பையன்கள் ஒரு வார்த்தை, தமிழில் எங்களுக்கென்று ஒரு எண். பன்மொழி நாடு, எந்த மொழியிலும் குறையில்லை. “ஜோக்குக்குத்தான்” என்போம்.

1990இல் ஒரு நாள் அவனுடைய விளையாட்டுப் பையில் கறுப்பு மார்க்கரால் ‘பொண்டான்’ என்று எழுதியிருந்தார்கள். வெள்ளை கான்வாஸ் பை. அறைக்குள் வந்தவன் பார்த்தான். துண்டை நனைத்துத் துடைத்தான், போகவில்லை. பையைத் திருப்பி எழுத்து சுவர் பக்கம் இருக்கும்படி வைத்துவிட்டு ஷூ மாட்டினான். அந்தச் சனிக்கிழமை இரண்டு ட்ரை போட்டான். எல்லாரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். புதுப் பை வாங்க வீட்டில் காசு கேட்கமுடியாமல் வருடக் கடைசி வரை அதே பையைத்தான், எழுத்துள்ள பக்கத்தை உடம்போடு ஒட்டித் தூக்கிக்கொண்டு வந்தான்.

*

அதே 1990இல், ஆறாயிரம் மைலுக்கு அப்பால், தென்வேல்ஸின் பிரிட்ஜெண்டுக்குப் பக்கத்திலுள்ள சார்ன் என்ற ஊரில் பதினாறு வயது கேரத் தாமஸ் ரக்பி ஆடிக்கொண்டிருந்தார். 1974 ஜூலையில் பிறந்தவர். வேல்ஸில் ரக்பி இந்தியாவில் கிரிக்கெட் மாதிரி. நிலக்கரிச் சுரங்கம், இரும்பாலை, தேவாலயம், ரக்பி கிளப் ஆகியவைதான் அந்தப் பள்ளத்தாக்குகளின் வாழ்க்கை. தான் ஆண்களை விரும்புகிறவன் என்பது அந்த வயதிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. அது தெரிந்தால் ரக்பி போய்விடும் என்பதும் தெரிந்திருந்தது.

1995 மே 27. தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகக்கோப்பையில் ஜப்பானுக்கு எதிராக வேல்ஸுக்காக முதல் ஆட்டம். இருபது வயது. மூன்று ட்ரை. மூன்று மாதம் கழித்து, ஆகஸ்டில், ரக்பி யூனியன் தொழில்முறை ஆட்டமாக அறிவிக்கப்பட்டது. அதுவரை தபால்காரராகவும் வேலை பார்த்தவருக்கு இனி பந்துதான் சம்பளம். ஒரு வகையில் அது பொறியும்கூட. பொழுதுபோக்காக ஆடுகிறவன் ரகசியம் வெளியே வந்தால் மைதானத்தை விட்டு விலகலாம். சம்பளத்துக்கு ஆடுகிறவனுக்கு அதுதான் சோறு.

இங்கே ஒரு சின்ன விளக்கம். ரக்பியில் இரண்டு வகை உண்டு. பதினைந்து பேர் ஆடும் யூனியன், பதின்மூன்று பேர் ஆடும் லீக். அதே 1995இல் ஆஸ்திரேலியாவில் லீக் ஆட்டக்காரரான இயன் ராபர்ட்ஸ் தான் தன்பாலீர்ப்பு உள்ளவர் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அதன்பிறகும் பதினான்கு வருடம் யூனியனில் எந்தத் தொழில்முறை ஆட்டக்காரரும் வாய் திறக்கவில்லை.

தாமஸின் ஆட்டக் கணக்கைப் பார்த்தால் மூச்சு முட்டும். வேல்ஸுக்காக 100 ஆட்டங்கள். அந்த எண்ணைத் தொட்ட முதல் வேல்ஸ்காரர். 40 ட்ரை. 2005ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆறு நாடுகள் போட்டியில் வேல்ஸ் ஐந்து ஆட்டத்தையும் வென்றது. 1978க்குப் பிறகு இருபத்தேழு வருடம் கழித்துக் கிடைத்த ‘கிராண்ட் ஸ்லாம்’ அது. கேப்டன் இவர்தான், பாரிஸ் ஆட்டத்தில் கட்டைவிரல் முறிந்து பாதியில் வெளியேறவேண்டி வந்தாலும். மே மாதம் பிரான்சின் துலூஸ் கிளப்போடு ஐரோப்பியக் கோப்பை. ஜூலையில் நியூசிலாந்தில், நான்கு நாட்டு வீரர்கள் சேர்ந்த லயன்ஸ் அணியின் கேப்டன் பிரையன் ஓ’டிரிஸ்கால் காயமடைந்து வெளியேற, அடுத்த இரண்டு டெஸ்டுக்கும் தாமஸ் கேப்டன். ஒரு ஆட்டக்காரரின் வாழ்க்கையில் இதற்கு மேல் ஒரு வருடம் அமையாது.

அந்த வருடத்தில்தான் அவர் வாழ்க்கை உள்ளுக்குள் உடைந்துகொண்டிருந்தது. இளவயதிலிருந்தே தெரிந்த பெண்ணைக் காதலித்துத் திருமணம் செய்திருந்தார். அவள்மேல் தனக்கு இருந்த அன்பு பொய்யில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். கல்யாணம் செய்தால் ‘இது’ போய்விடும் என்று நம்பியிருக்கிறார். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு வேல்ஸ் ஞாபகம் வரவில்லை. பீஷானிலும் உட்லண்ட்ஸிலும் எனக்குத் தெரிந்த மூன்று நான்கு வீடுகள் ஞாபகம் வந்தன. “கல்யாணம் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்” என்று சொல்லாத அத்தை நம்மில் யாருக்கு இல்லை? அந்த வீட்டுக்கு வந்த பெண்ணை யாரும் கேட்டதில்லை.

பல் உடையும்வரை மோதும் ஆள் என்று பெயர் வாங்கினார். மூர்க்கமாக ஆடினால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்பது கணக்கு. உயிரை விட்டுவிடலாமா என்று யோசித்த நாட்கள் இருந்ததாகப் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். பையன்களை ஆம்பளை ஆக்க உருவாக்கிய ஆட்டம், இந்த ஆணுக்கு ஒளிந்துகொள்ளும் இடமாக இருந்தது.

2006இல் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். மணவாழ்வு முடிந்தது. அந்த நவம்பரில் கார்டிஃப் மைதானத்தின் உடைமாற்றும் அறையில் அழுதுகொண்டிருந்தவரைப் பயிற்சியாளர் ஸ்காட் ஜான்சன் விசாரிக்க, அவரிடமும் சொன்னார். தனியாகச் சுமக்காதே, அணியில் யாருக்காவது தெரியவேண்டும் என்றார் ஜான்சன். ஸ்டீஃபன் ஜோன்ஸ், மார்ட்டின் வில்லியம்ஸ் என்ற இரண்டு ஆட்டக்காரர்களுக்கு விஷயம் போனது. அவர்கள் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு வழக்கம்போல இருந்தார்கள். இத்தனை வருடமாகப் பயந்த இடி விழவில்லை.

ஆனாலும் ஊருக்குச் சொல்ல இன்னும் மூன்று வருடம் பிடித்தது. 2007இல் வேல்ஸ் நடுவர் நைஜல் ஓவன்ஸ் தன்னைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். பின்னாளில் 2015 உலகக்கோப்பை இறுதியாட்டத்தை நடத்தியவர் அவர். தாமஸ் சொன்னது 2009 டிசம்பரில். அப்போது அவர் இன்னும் களத்தில் ஆடிக்கொண்டிருந்தார். தன்னை ‘கே ரக்பி ஆட்டக்காரர்’ என்று அறியாமல், ரக்பி ஆட்டக்காரராக அறியவேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருபத்தொரு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் தனிமையில் இணைவது குற்றமில்லை என்று ஆனது 1967இல். தாமஸ் பிறப்பதற்கு ஏழு வருடம் முன்பு. அதாவது, அவர் பிறக்கும் முன்பே அந்தத் தடை தளர்ந்திருந்தது. ஆனால் சட்டம் தளர்ந்து நாற்பத்திரண்டு வருடம் ஆகித்தான் ஒரு யூனியன் ஆட்டக்காரரால் பேச முடிந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நான் யோசித்தது இந்த நாற்பத்திரண்டு வருடத்தைத்தான். அவ்வளவு காலம் அவரைப் போன்றவர்களின் வாயை அடைத்தது எது? போலீஸ் இல்லை, நீதிமன்றம் இல்லை. உடைமாற்றும் அறையிலிருந்த நாங்கள்தான்.

*

சொன்னபிறகும் எல்லாம் சுபமில்லை. 2010இல் லீக் ஆட்டத்துக்கு மாறி ரெக்சம் ஊரின் குரூசேடர்ஸ் கிளப்பில் சேர்ந்தார். காசில்ஃபோர்டில் நடந்த ஆட்டத்தில் பார்வையாளர் கூட்டம் சேர்ந்து அவரைக் கேவலமாகப் பாடியது. உள்ளூர் கிளப்புக்கு அபராதம் விதித்தார்கள். 2011இல் ஓய்வு பெற்றார். 2018 நவம்பரில் கார்டிஃப் தெருவில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் அவரைத் தாக்கினான். வழக்கு வேண்டாம், நேரில் பேசி அவன் புரிந்துகொள்ளட்டும் என்று போலீசிடம் கேட்டுக்கொண்டார். பையன் மன்னிப்புக் கேட்டான். அடுத்த வாரங்களில் பல நாட்டு வீரர்கள் வானவில் நிற ஷூக்கயிறு கட்டிக்கொண்டு களமிறங்கினார்கள்.

2019 செப்டம்பர் 14ஆம் தேதி, தனக்கு எச்ஐவி இருப்பதை அறிவித்தார். வெளியே சொல்லிவிடுவோம் என்ற மிரட்டல் வந்ததால் தானே முந்திக்கொண்டார். மறுநாள் டென்பியில் நடந்த ‘அயர்ன்மேன்’ போட்டியில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், ஒரு முழு மாரத்தான் எல்லாவற்றையும் 12 மணி 18 நிமிடத்தில் முடித்தார். மருந்து ஒழுங்காக எடுத்துக்கொண்டு வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்தவரிடமிருந்து பாலுறவு மூலம் கிருமி பரவாது என்ற மருத்துவ உண்மையை எத்தனையோ பேர் அவர் மூலமாகத்தான் முதலில் கேட்டார்கள்.

அவரைத் தெய்வமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. தனக்கு எச்ஐவி தொற்றியதற்கு அவரே காரணம் என்று முன்னாள் துணைவர் தொடர்ந்த வழக்கை, குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளாமலேயே பணம் கொடுத்து 2023இல் முடித்துக்கொண்டார். ரகசியத்தோடு வாழ்ந்த காலத்தின் சேதம் அவரோடு நிற்கவில்லை. மனைவி, துணைவர் என்று பக்கத்தில் இருந்தவர்கள் மேலும் விழுந்தது. இதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைச் சொல்லவேண்டும்.

*

இனி நம் ஊர். 1993இல் தஞ்சோங் ரூவில் போலீசார் மாறுவேடத்தில் போய்ப் பன்னிரண்டு ஆண்களைப் பிடித்தார்கள். மானபங்கக் குற்றச்சாட்டு, சிறை, ஆளுக்கு மூன்று பிரம்படி. பெயர்கள் நாளிதழில் வந்தன. அந்த வருடப் புத்தாண்டு இரவில் அதை எதிர்த்து ஜோசப் இங் என்ற கலைஞர் ‘பிரதர் கேன்’ என்ற நிகழ்த்துகலையைச் செய்தார். அதன் பின்னால் அவ்வகைக் கலைக்கே பத்து வருடம் அரசு நிதி நின்றது. அப்போது நானும் நண்பனும் தேசிய சேவையில் இருந்தோம். ராணுவத்தில் தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்கு 302 என்று ஒரு மருத்துவ வகைப்பாட்டு எண் உண்டு. “த்ரீ ஓ டூ” என்றால் முகாமில் எல்லாருக்கும் புரியும். பிடிபட்டவர்களின் பெயர்ப் பட்டியலை வாசித்த அன்று இரவு முடிவெடுத்ததாக அவன் சொன்னான். சேவை முடிந்து ஆறே மாதத்தில் பெர்த் போய்விட்டான். “படிக்கப் போறான்” என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

2007இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியபோது பழைய 377 போனது. 377ஏ மட்டும் இருந்தது. வைத்துக்கொள்வோம், ஆனால் பயன்படுத்தமாட்டோம் என்றது அரசு. 2009 மே மாதம் ஹோங் லிம் பூங்காவில் முதல் பிங்க் டாட் கூட்டம். சுமார் 2,500 பேர் இளஞ்சிவப்பு உடையில் வந்தார்கள். 2014இல் உச்ச நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அமர்வு சட்டம் செல்லும் என்றது. 2022 பிப்ரவரியில் அதே அமர்வு, சட்டத்தை அமல்படுத்த முடியாது என்றது. ஆகஸ்டில் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங் நீக்கத்தை அறிவித்தார். நவம்பரில் அதை நீக்கிய கையோடு, திருமணம் என்றால் ஆணும் பெண்ணும் என்ற வரையறையை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி அரசமைப்பையும் திருத்தினார்கள்.

விளையாட்டு உலகில் சத்தமாகப் பேசியவர் ஒரு பெண். தெரேசா கோ. முதுகெலும்புக் குறைபாட்டோடு பிறந்து, நீச்சலில் உலகச் சாதனைகள் படைத்து, 2016 ரியோ பாராலிம்பிக்கில் 100 மீட்டர் மார்பு நீச்சலில் வெண்கலம் வாங்கியவர். 2017 பிங்க் டாட்டின் தூதர்களில் ஒருவராக முன்வந்தார். அவரோடு தூதராக நின்றவர்களில் நம் தமிழ் நாடக, தொலைக்காட்சி நடிகர் எபி ஷங்கராவும் உண்டு. இந்தியாவில் 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அடுத்த மே மாதமே, ஒடிசாவின் நெசவாளர் குடும்பத்திலிருந்து வந்து ஆசிய விளையாட்டுப் போட்டியில் இரண்டு வெள்ளி வாங்கிய ஓட்டக்காரர் டூட்டி சந்த், தன் வாழ்க்கைத் துணை ஒரு பெண் என்று சொன்னார். வீட்டில் பெரும் எதிர்ப்பு. இரண்டு மாதம் கழித்து நேப்பிள்ஸில் 100 மீட்டரில் தங்கம்.

இருவரும் பெண்கள்; இருவரும் தனியாகப் போட்டியிடுகிறவர்கள் என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. நீச்சலில் உங்கள் தடம் உங்களுக்கு. ஓட்டத்திலும் அப்படித்தான். தோளைக் கோர்த்து ஸ்க்ரம் போட ஏழு பேர் தேவையில்லை. ரக்பிக்காரனுக்கு அந்த ஏழு பேரின் சிரிப்பும் சேர்ந்துதான் ஆட்டம்.

*

திரும்பவும் தேக்கா. பேச்சு எங்கெங்கோ போய்ப் பள்ளிக்கூடத்தில் வந்து நின்றது. எனக்கு அதற்குமேல் தள்ளிப்போட முடியவில்லை. “அந்தப் பை ஞாபகமிருக்கா?” என்று கேட்டேன். தலையாட்டினான்.

“எழுதுனது நானில்லைடா. ஆனா மார்க்கர் நான்தான் குடுத்தேன். என்ன எழுதப்போறாங்கன்னு தெரிஞ்சுதான் குடுத்தேன். சிரிச்சேன்.”

முப்பத்திரண்டு வருடம் கழித்துச் சொல்கிறேன். கூட்டத்தின் இரைச்சலில் அவனுக்குக் கேட்டதோ என்னவோ என்றிருந்தது. அவன் நிதானமாகத் தேயைக் கலக்கினான்.

“தெரியும். தண்ணி பாட்டில்ல பேர் எழுதுற மார்க்கர் உன்கிட்ட மட்டும்தானே இருந்துச்சு?”

“அப்ப ஏன்டா என்கிட்ட பேசிட்டிருந்தே?”

“வேற யார்கிட்ட பேசறது?” என்றான். பிறகு, “குடி, ஆறிடப்போவுது.”

கிளம்பும்போது, என் அக்கா மகன் ரக்பி ஆடுகிறானாமே என்று விசாரித்தான். ஆமாம், பதினான்கு வயதுக்குட்பட்டோர் அணி, என்னைப் போலவே முன்வரிசை என்றேன். “அவன் டீம்ல இப்ப என்ன வார்த்தை ஓடுது?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அதுவரை கேட்டதும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை பயிற்சி முடிந்து அவனை வீட்டில் விடும்போது காரில் கேட்டேன். பையன் போனிலிருந்து தலை தூக்காமல் இரண்டு வார்த்தை சொன்னான். ஒன்று புதுசு. இன்னொன்று அந்தப் பையில் இருந்ததுதான்.

“யாரைச் சொல்வீங்க?”

“சும்மா மாமா. ஜோக்குக்குத்தான்.”

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அந்தப் பையைப் பற்றி, மார்க்கரைப் பற்றி, அதை யார் கொடுத்தது என்பதிலிருந்து அவனிடம் சொல்ல ஆரம்பித்தேன்.